புத்தகத்தில் பெற்றோல், காரில் டீசல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொட்டாஞ்சேனையில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் ஒரு கம்பனிக்கு வான் ஓட்டியவர். கம்பனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். கையில் கிடைத்ததை வைத்து ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடுவது என்று முடிவெடுத்தார். என்ன கார் என்பதில்தான் எங்களுக்குள் இரண்டு கிழமையாகச் சண்டை.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பெற்றோல் காரை விற்க இருந்தார். அவர் ஒருவரே ஓட்டிய கார். ஸ்டார்ட் ஆனதே தெரியாது, அவ்வளவு அமைதி. எனக்கு அதில் ஆசை. அது போர்க்காலம், கொழும்பில் ஒரு பயணத்துக்குள் நாலு சோதனைச் சாவடியில் மறிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். சொன்னவுடன் கிளம்புகிற கார்தான் தமிழனுக்கு நல்லது என்று வாதாடினேன்.

மற்றக் கார் டீசல். எங்கள் கோயிலுக்கு வருகிற, ஹெந்தளையில் இருந்துகொண்டு கார் வாங்கி விற்கிற ஒருவருடையது. பெற்றோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, மருதானையில் ஒரு கராஜில் ஜப்பான் டீசல் என்ஜினைப் போட்டிருந்தார். டீசல் அவ்வளவு மலிவாக இருந்ததால் ஹயர்காரர்கள் பலர் அப்படிச் செய்தார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கே வந்து, நான் சுட்ட கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, டீசல் எண்டா உழைக்கிறது வீட்டுக்கு. பெற்றோல் எண்டா உழைக்கிறது எண்ணெய் அடிக்கிற ஷெட்டுக்கு."

என் கணவர் சிரித்துத் தலையாட்டினார். சண்டை அதோடு முடிந்தது; டீசல் காரையே எடுப்பது என்றானது.

ஆனாலும் காரின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது நான்தான். எரிபொருள் என்ற இடத்தில் 'பெற்றோல்' என்றிருந்தது. என்ஜின் நம்பரும் பழையது. "இது மாத்தாமக் கிடக்குதே?" என்று கேட்டேன்.

"அது சின்ன வேலை. கராஜ் பில்லைக் குடுத்தா மாத்துவினம். நான் செய்து தாறன்."

கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்கிற மனுஷன். நம்பினேன். அடுத்த கிழமை என்றார், அதற்கு அடுத்த கிழமை என்றார். கார் ஓடியது, சோறு வந்தது, நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

மூன்றாம் மாதம், நகரத்தில் ஒரு குண்டு வெடித்த மறுநாள், என் கணவர் வெள்ளவத்தைக்கு ஒரு ஹயர் போனார். காலை பத்து மணியிருக்கும். ஸ்டாண்டில் அவரோடு நிற்கும் இன்னொரு டிரைவர் படியேறி ஓடிவந்தார்.

"அக்கா, அண்ணனைப் பிடிச்சிட்டாங்கள். நான் பின்னுக்கு வந்தனான், கண்ணால கண்டனான்."

சாவடியில் நின்ற அதிகாரி புத்தகத்தைப் பார்த்திருக்கிறார், பொனட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். "பொத்தே பெட்ரல். மேக டீசல் நே?" என்று சிங்களத்தில் கேட்டாராம். புத்தகத்தில் பெற்றோல், இது டீசல் அல்லவா? நம்பரும் வேறு. வாகனங்களில் குண்டு கொண்டு வருகிறார்கள் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். ஓட்டி வந்தவன் தமிழன். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒன்றரை மணித்தியாலம் வாசலில் நிற்க வைத்தார்கள். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, என்ஜின் மாற்றியவன் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். நாளை பின்னேரத்துக்குள் யாரும் வராவிட்டால் ஆளை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். மேலிடம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அங்கே போனவர்கள் எத்தனை வருடத்தில் வருவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

நேரே பஸ் ஏறி ஹெந்தளைக்குப் போனேன். கார் விற்றவரின் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் இல்லையே" என்றார். அவருடைய மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. உள்ளே ஆள் இருமுகிற சத்தம் கேட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். பிறகுதான் அவரும் வந்தார்.

"நான் வந்தா என்னையும் உள்ள போடுவாங்கள், தங்கச்சி. எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

"அப்ப அந்தக் கராஜ் பில்லையாவது தாங்க."

"அது எங்க வெச்சேனோ தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உங்கட மனுசன் புக்கைப் பாத்து எடுத்திருக்க வேணும்."

அவர் கதவைச் சாத்திவிட்டார். கையிலிருந்த குடையால் அந்தக் கதவில் அடித்தேன். கம்பி வளைந்து துணி கிழியும்வரை அடித்தேன். கதவு திறக்கவில்லை.

அங்கிருந்து மருதானை. ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் அந்தக் கராஜைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று மணியாகிவிட்டது. மெக்கானிக்கை எல்லோரும் 'பாஸ்' என்றார்கள், கைத்தொழில்காரரைச் சிங்களத்தில் அழைக்கிற சொல். ஐம்பது வயது தாண்டிய சிங்களவர், ஒரு லொறிக்கு அடியில் கிடந்தார். அவர் வெளியே வரும்வரைகூட நான் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவருடைய கால்களைப் பார்த்தே ஏசினேன். நீயும் அவனும் சேர்ந்து எங்களை ஏமாற்றினீர்கள் என்றேன். 'ஹொரா', கள்ளன், என்றும் சொன்னேன்.

அவர் மெதுவாக வெளியே வந்து கையைத் துடைத்தார். முழுவதையும் கேட்டார். புத்தகம் இன்னும் மாற்றப்படவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உடனே உள்ளே போய், எண்ணெய் ஊறிய பில் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து புரட்டினார். கார்பன் பிரதி இருந்தது. பழைய என்ஜின் நம்பர், புதிய நம்பர், காரைக் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர், எல்லாம் தெளிவாக. புத்தகத்தை மடித்து, பொலிசுக்குப் போவோம் என்றார்.

அங்கே வேலை செய்த ஒருவர் அவரைத் தடுத்தார். இந்த நேரத்தில் தமிழ் ஆளுக்காகப் போய் நிற்காதே, உன்னையும் பிடித்துக் கேள்வி கேட்பார்கள் என்று சிங்களத்தில் சொன்னது எனக்கும் விளங்கியது. பாஸ் சட்டையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "மகே வெடனே." என்னுடைய வேலைதானே, அவ்வளவுதான்.

பொலிஸில் அவரை மரியாதையாக நடத்தினார்கள் என்று நினைக்காதீர்கள். சிங்களவனாக இருந்துகொண்டு இவர்களுக்கு என்ஜின் போட்டுக் கொடுக்கிறாயா என்று ஒருவர் கத்தினார். பாஸ் பில் புத்தகத்தை நீட்டி, நம்பரைத் திரும்பத் திரும்ப வாசித்தார். காரிடம் போய்த் தானே பொனட்டைத் திறந்து, என்ஜினில் அந்த நம்பர் எங்கே வெட்டியிருக்கிறது என்று காட்டினார். வாக்குமூலம் எழுதி முடிக்கும்வரை, எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் இருந்தார்.

மறுநாள் மத்தியானம் என் கணவரை விட்டார்கள். இடது காது வீங்கியிருந்தது. அந்தக் காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. அடித்தவர் யாரென்று கேட்டேன். "விடு" என்றார். விட முடியவில்லை. யாரிடம் போய் முறையிடுவது?

கார் ஒரு மாதம் கழித்து வந்தது. புத்தகத்தை நானே கொண்டுபோய் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று மாற்றினேன். அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலைக்காகத்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காது போனது. டீசல் கார் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது பிறகு பல வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. பொய் சொன்னது என்ஜின் இல்லை.

என் கணவரை விட்ட அடுத்த ஞாயிறும் கார் விற்றவர் கோயிலில் பாடினார். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் என்னிடம் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று பாதர் சொன்னார். பயந்ததை மன்னிக்கலாம், அன்று பயப்படாதவர் யார்? ஆனால் உள்ளே அடிவாங்கிக் கொண்டிருந்தவர் மேலேயே பழியைப் போட்ட அந்த வாயை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாஸிடம் மட்டும் போய், அப்படி ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நோனா, நீங்கள் வந்து கத்தாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பொம்பளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று எனக்குப் புத்தி சொல்ல இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அன்று நான் வீட்டில் அழுதுகொண்டு இருந்திருந்தால் என் கணவர் இப்போது என் பக்கத்தில் இருப்பாரா என்று மட்டும் அவர்களிடம் கேட்கிறேன்.