பிறை போட்ட பக்கங்கள்

புத்தகத்தில் மருக்கொழுந்து வாசனை அடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் புத்தகங்கள் எல்லாமே அப்படித்தான் வரும். பூக்கூடையில், ஈரத்துணிக்கும் வாழை இலைக்கும் அடியில், ஓரமெல்லாம் நமுத்துப்போய்... வெயிலில் காய வைத்துத்தான் பிரிக்க முடியும்.

எழுபத்தோராம் வருஷத்து யுத்தம் முடிந்திருந்த சமயம். செஞ்சியில் நான் புதிதாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெண்கள் கதைப்புத்தகம் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு ஆண் சொல்லிக்கொண்டிருந்த காலம். அதனால் பூக்காரி கன்னியம்மாதான் எங்களுக்கு லைப்ரரி.

மொத்தம் மூன்று வாசகிகள். நான், கம்பவுண்டர் சம்சாரம் சரோஜா அக்கா, அப்புறம் ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்து மாடி வீட்டில் ஒருத்தி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவரின் மனைவி. அவளை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வெற்றுத்தாளில் பெயர் எழுத மாட்டோம், அடையாளம் மட்டும் போடுவோம். எனக்கு நட்சத்திரம், அக்காவுக்குப் பூ, அவளுக்குப் பிறை. பக்கத்திலேயே, நமக்கு ரொம்பப் பிடித்த பக்கத்தின் எண். ‘இதை விட்டுவிடாதே’ என்று அர்த்தம். நானும் அக்காவும் கூடவே நாலு வரி கிறுக்குவோம். பிறை மட்டும் எண்ணோடு நிறுத்திக்கொள்வாள்.

“அந்த வூட்டுல ஐயாதான் கதவாண்ட வந்து வாங்கிக்குவாரு டீச்சரம்மா. புக்க ஒவ்வொரு தாளா பொரட்டிப் பாத்துட்டுதான் மேல எடுத்துனு போவாரு” என்றாள் கன்னியம்மா.

எங்களுக்குப் பொறாமையாக இருந்தது. பெண்டாட்டிக்குப் பூவும் புத்தகமும் தன் கையால் வாங்கிக் கொடுக்கிற புருஷன்! “குடுத்து வச்சவடி அவ” என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

ஆனால் பிறை தேர்ந்தெடுக்கும் பக்கங்கள் ஒரு மாதிரி இருக்கும். காதல் கதையில் கல்யாணக் காட்சியை விட்டுவிடுவாள். கல்யாணமான மறுமாதம் நகைகளைப் புருஷன் கழற்றி வாங்குகிற பக்கத்துக்கு எண் போடுவாள். துப்பறியும் கதையில் கதவை வெளியே தாழ் போடுகிற பக்கம். இன்னொன்றில், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு ஒருத்தி மூச்சை அடக்கிக்கொள்கிற பக்கம்.

“பிறைக்குப் பேய்க்கதைன்னா உசுரு போலக்குது” என்றாள் அக்கா. நானும் ஆமாம் என்றேன். அதிலிருந்து தேடித் தேடித் திகில் கதைகளாக அனுப்பினோம். ஒருமுறை நானே அவள் பிறைக்குக் கீழே எழுதினேன்: ‘உங்கள் ரசனையே தனி. இதைவிடப் பயங்கரமாக ஒன்று வருகிறது. கொஞ்சம் பொறுங்கள்.’

கை கூசாமல் எழுதினேன்.

அப்புறம் ஒரு சிரிப்புக் கதை போய்த் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வயிறு வலிக்கச் சிரித்த புத்தகம். அதில் அவள் பிறை போட்டிருந்தது, பாலைக் குடித்த பூனை செத்துக் கிடக்கிற பக்கத்துக்கு. அந்தக் கதையிலேயே சிரிப்பு வராத ஒரே இடம் அதுதான்.

எனக்கு என்னவோ செய்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், என்னிடம் இருந்த ஆறு புத்தகங்களையும் அவள் படித்த வரிசையில் அடுக்கினேன். பிறை போட்ட பக்கங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். நகை போகிறது. கதவு பூட்டப்படுகிறது. படியில் செருப்புச் சத்தம். ஒருவேளைச் சோறு. கீழே வேறு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் பேசுகிறார்கள். பாலில் விஷம்.

ஆறு கதை இல்லை. ஒரே கதை. அவள் கதை.

புத்தகங்களை அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்காவும் அந்தப் பக்கங்களை வரிசையாகப் படித்து முடித்தாள். “ஐயோ... உசுரக் காப்பாத்துன்னு கேட்டவளுக்கு நாம பேய்க்கத அனுப்பினு இருந்தோமேடி.”

இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. கைப்பிடிச் சுவர் முழுக்கக் குரங்குகள், ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அந்த மனிதரே கதவைத் திறந்தார். மரியாதையான ஆள். சிரித்த முகம்.

“அவ பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கா. நேத்துதான்” என்றார். அவர் கையில் நாங்கள் கடைசியாக அனுப்பிய புத்தகம் இருந்தது. அதை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: “நல்ல பக்கத்துக்கு நம்பர் போடுவீங்களாமே. இதுல எந்தப் பக்கத்த நான் படிக்கணும் டீச்சரம்மா?”

கடைசித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

என் நைனா ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் வந்து மாடியைப் பார்த்தார். கழுவி விட்ட தரை, காலி அறை. பிறந்த வீடு எந்த ஊர் என்று கேட்டதற்கு அந்த மனிதர் அனந்தபுரம் பக்கம் ஏதோ சொன்னார். நைனா அங்கேயும் போய் விசாரித்தார். அப்படி ஒரு குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. தை மாதம் அந்த வீட்டுக்குப் புதுப்பெண் வந்தாள்.

அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அப்போது ஒரு புத்தகம் மூன்று வீடு சுற்ற மாதக்கணக்காகும். இப்போது போனில் இந்தப் புத்தகக் குழுவில் நீங்கள் நிமிஷத்துக்கு ஒரு புத்தகம் சொல்கிறீர்கள், நூறு பேர் கைதட்டுகிறீர்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ‘ஏன் பிடித்தது’ என்று எல்லோரையும் நான் நச்சரிப்பதாக உங்களுக்கு ஒரு கேலி உண்டு. இருக்கட்டும்.

மூன்று நாளாக ஒரு பெண் தினம் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போடுகிறாள். மூன்றிலும் பூட்டிய கதவு. கீழே எல்லோரும் ‘செம டேஸ்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாடி, உன் பெயர் என்ன? நீ எங்கே இருக்கிறாய்? எனக்கு மட்டும் தனியாக எழுது. நான் புத்தகம் எதுவும் அனுப்பப் போவதில்லை. ஆள் அனுப்புகிறேன்.