பஸ்ஸில் பேசிய பை

இன்று மாமாங்கத் திருவிழாவில் முதலுதவிக்காரருக்குச் செய்தி அனுப்பும் ரேடியோத் தொண்டு முடிந்து, பஸ்ஸில் வந்தேன். சனம் அதிகம். பையை முன்பக்க மேல்தட்டில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

உள்ளே இருந்த வோக்கிடோக்கியை நிறுத்த மறந்துவிட்டேன்.

ஆமிச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் பை பேசியது.

"வீட்ட போய்ச் சேர்ந்திட்டீங்களா? கேட்குதா?"

பைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

"ஆர்ர பேக் இது?" என்றார் கண்டக்டர். வோக்கிடோக்கிக்கான அனுமதிப் பத்திரமும் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

பதில் வராவிட்டால் விடாமல் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கோயிலடியில் இன்னொரு வோக்கிடோக்கி செட்டோடு இருந்த தொண்டர் சிவா அண்ணன் அதில் தவறவே மாட்டார்.

"என்ன நடந்த? ஏன் பேசுறீங்க இல்ல?"

கையை உயர்த்தினேன்.

குண்டாக இருக்குமோ என்று கண்டக்டர் பையைத் தொடவில்லை. "நீங்களே வந்து எடுங்க. செக்பொயிண்ட்ல இறங்கக்குள்ள எங்களோட நிக்காம தள்ளி நில்லுங்க."

ஆமிக்காரர்கள் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். பஸ் அதற்கு முன்பே போயிருந்தது. வீடு இருக்கும் குருக்கள்மடம் வரை நடந்தேன்.

கோயில் இருக்கும் அமிர்தகழிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று சிவா அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். நிறுத்திய செட்டைத் திரும்பப் போட எனக்குக் கை வரவில்லை.