மகளுக்குத் தங்கையான சுல்மிரா

சுல்மிரா மொன்டெய்ரோவுக்குக் கை சும்மா இருக்காது. கல்லூரி வளாகத்தைச் சுற்றும் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். சிவப்பு விளக்கில் நின்றால் போதும், ஸ்டியரிங்கில் தாளம் தொடங்கிவிடும். கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த பெண்கள் கூடவே கொண்டுவந்த தாளம் அது. பட்டூக்கு என்பார்கள். துணியை இறுகச் சுருட்டித் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கைகளால் அடிப்பார்கள். ஒருத்தி நடுவில் வந்து இடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். அமெரிக்காவில், அவர்கள் குடியேறிய பிராக்டன் நகரில், அவர்கள் வீட்டுக் கல்யாணமானாலும் ஞானஸ்நானமானாலும் கடைசியில் அதில்தான் போய் முடியும்.

வயது நாற்பது. கணவன் வேலை தேடி ரோட்டர்டாமுக்குப் போனவன், போனவன்தான். ஒரே மகள் இவான்ட்ரா அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தாள். ஊழியர்களும் இலவசமாகப் படிக்கலாம் என்று ஒரு சலுகை இருந்ததால், சுல்மிராவும் பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்து, தட்டுத்தடுமாறி இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தாள். வளாகத்தில் கண்டால் ஹாரன் அடிக்கக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். தாய் அதை ஓரளவு காப்பாற்றினாள்.

இவான்ட்ரா ஒரு சொராரிட்டியில் இருந்தாள். மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட பெண்கள் சங்கம்: ஸீட்டா ஒமிக்ரான் ரோ. பணக்காரப் பெண்களின் பழைய சங்கங்கள் கதவைத் திறக்காத காலத்தில் ஒரு கொரியப் பெண்ணும் ஒரு ஹைட்டிப் பெண்ணும் ஒரு போர்ட்டோ ரிக்கோப் பெண்ணும் சேர்ந்து தொடங்கியது. எந்த இனத்துப் பெண்ணும் வரலாம். வருகிறவள் தன் வீட்டிலிருந்து ஒரு பாட்டோ ஆட்டமோ கொண்டுவர வேண்டும். நாவல்பழ நிறமும் மஞ்சளும் அவர்கள் நிறம். ஒருத்தி தூரத்தில் குலவையிட்டால் மற்றவள் எங்கிருந்தாலும் பதில் குலவையிட்டாக வேண்டும். இவான்ட்ரா ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே பதில் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஜனவரியில் இவான்ட்ரா அரை வருடப் பயிற்சி வேலைக்கு வாஷிங்டன் போனாள். அவள் போன வாரமே சனி பிடித்தது என்று சொல்வதா, சுக்கிரன் வந்தது என்று சொல்வதா தெரியவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. நிறுத்தத்துக் கூரையின் கீழ் சங்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் அடி பழகிக்கொண்டிருந்தார்கள். காலை உதைத்து, தொடையைத் தட்டி, கையைத் தட்டி, வரிசையாக நகரும் ஆட்டம். நாலாவது அடியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சுல்மிராவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டியரிங்கில் படபடவென்று அடித்துக் காட்டினாள்.

"அங்க ஒரு அரை அடி நிக்கணும்டி. மூச்சு விடாம ஓடினா மோதத்தான் செய்வீங்க."

பெண்கள் பேருந்துக்குள் ஏறி, நடுப்பாதையிலேயே ஆடிப் பார்த்தார்கள். சரியாக வந்தது. பேருந்தே கூத்தாடியது. இவான்ட்ராவின் உயிர்த்தோழி யோக்காஸ்தா பெரால்ட்டா, டொமினிக்கன் வீட்டுப் பெண், இருபது வயது. சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"டிரைவரம்மா, பேசாம நீங்களும் எங்க சங்கத்துல சேந்துடுங்க."

சொன்னவள் இறங்கிப் போய்விட்டாள். கேட்டவளுக்கு அது இறங்கவில்லை. மறுநாள் காலையில் யோக்காஸ்தா ஏறியதும் சுல்மிரா கதவை மூடிவிட்டுக் கேட்டாள்:

"நேத்து சொன்னியே, அது நெசமா, சும்மாவா?"

"எது?"

"நான் சேர்றது. நானும் இந்தக் காலேஜ்ல படிக்கிறவதான்."

யோக்காஸ்தா விழித்தாள். பிறகு அங்கேயே சங்கத்தின் தலைமையகத்துக்குப் போன் போட்டாள். விதியில் வயது என்று ஒரு சொல்கூட இல்லை என்று பதில் வந்தது.

"ஆனா இவான்ட்ரா?" என்றாள் யோக்காஸ்தா. "அவ என்னைக் கொன்னே போடுவா."

"அவகிட்ட மூச்சு விடாத. வேணாம்னு சொல்லுவா. அவ வேணாம்னா நான் நின்னுடுவேன். எனக்கு நிக்க வேணாம்."

புதியவர்கள் யார் என்பதை அரங்கேற்ற நாள்வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது சங்கத்தின் பழைய வழக்கம். எனவே யோக்காஸ்தா பொய் சொல்லவில்லை, வழக்கத்தைக் காப்பாற்றினாள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பருவத்தில் சேர்ந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். குட்டையான கம்போடியப் பெண் சோஃபியாப் முன்னால்; போலந்து வீட்டுப் பெண் டார்சி நடுவில்; எல்லோரையும்விட உயரமான சுல்மிரா கடைசியில். உயர வரிசையில் நிற்பதுதான் முறை. கடைசியில் நிற்பவளுக்கு வால் என்று பெயர். ஒவ்வொருத்திக்கும் மூத்தவர்கள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். சுல்மிராவுக்கு "கடைசி ஸ்டாப்" என்று வைத்தார்கள். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் டார்சிக்கு விக்கல் எடுத்தது.

மூத்தவர்களை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். தன் மகளோடு பள்ளியில் படித்த பெண்களையெல்லாம் சுல்மிரா வாய் நிறைய அக்கா என்றாள். ஒருநாள் யோக்காஸ்தா கோட்டுப் பொத்தானைப் போடாமல் பனியில் நிற்பதைப் பார்த்து, "யோக்காஸ்தா அக்கா, காது அடைச்சு சளி பிடிச்சா உங்கம்மா என்னைத்தான் கேப்பா, ஒழுங்கா பொத்தானைப் போடு அக்கா!" என்று அதட்டினாள். அக்கா அவசரமாகப் போட்டுக்கொண்டாள்.

கிரேக்க எழுத்துகளை ஒரு தீக்குச்சி எரிந்து முடிவதற்குள் ஒப்பிக்க வேண்டும். சோஃபியாப் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொல்லிவிட்டாள். சுல்மிராவின் விரல்தான் சுட்டது. அதனால் பேருந்து ஓட்டும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் நூலக நிறுத்தம் வந்ததும் ஒலிபெருக்கியை அழுத்தி, "அடுத்த நிறுத்தம் எப்சிலான்!" என்று கணீரென்று அறிவித்தாள். ஒரு பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டப் பயிற்சி. ஒருமுறை அதற்கு நடுவில் வாஷிங்டனிலிருந்து வந்த போனை எடுத்துவிட்டாள்.

"அம்மா, வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் நீ போனை எடுக்கறதே இல்ல. என்ன விஷயம்?"

"ஓவர்டைம்டி."

"மூச்சு வாங்குது உனக்கு."

"மாடி ஏறினேன்."

"நம்ம வீட்டுக்கு ஏதும்மா மாடி?"

சுல்மிரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரும்மா அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"சும்மா சொல்லும்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன். நல்லவனா? வேலை வெட்டி இருக்கா? பல்லெல்லாம் இருக்கா?"

சுல்மிரா போனைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் வியர்க்க விறுவிறுக்க நின்ற சோஃபியாப்பும் டார்சியும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவான்ட்ராவின் பேச்சில் "வியாழக்கிழமைக்காரன்" என்று ஒருவன் நிரந்தரமாகக் குடியேறினான். அவனுக்கு ஊர்ச் சோளக் கூழான கச்சுப்பாவைச் சமைத்துப் போடாதே, பழகிவிடுவான் என்றுகூடப் புத்தி சொன்னாள்.

மே மாதம் முதல் சனிக்கிழமை அரங்கேற்றம். நூலகத்துக்கு முன்னாலிருக்கும் புல்வெளியில் கூட்டம் நெரிந்தது. மூத்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். இவான்ட்ராவும் காலை ரயிலில் வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு வேலை என்று தகவல்; சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த வியாழக்கிழமைக்காரனை நேருக்கு நேர் பார்த்துவிடுவது என்று திட்டம். யோக்காஸ்தா அவளை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, கண்ணைப் பார்க்காமல் ஓடிப்போனாள்.

முகமூடி அணிந்த மூன்று பேர், ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒட்டியபடி, ஒரே உடல்போல நடந்து வந்தார்கள். கறுப்பு உடை, நாவல்பழ நிறக் கையுறை. முதலில் சங்கத்தின் வரலாற்றை உரக்கச் சொன்னார்கள். பிறகு அடி. சோஃபியாப் தன் வீட்டுக் கைமுத்திரையோடு விரல்களைப் பின்னோக்கி வளைத்தாள். டார்சி போல்காவை உதைத்தாள். அப்புறம் இருவரும் தரையில் அமர்ந்து, குளிர்காலக் கோட்டுகளைச் சுருட்டித் தொடையில் இடுக்கி அடிக்கத் தொடங்கினார்கள். வாலில் நின்றவள் இடுப்பில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"ஐயோ, இது எங்க ஊர் பட்டூக்கு!" என்று இவான்ட்ரா துள்ளினாள். "யாருடி அவ? நம்ம ஊர்ப் பொண்ணா? எனக்கே தெரியாம யாருடி? இடுப்பைப் பாரு, எலும்பே இல்ல போலிருக்கு!"

வளாகப் பேருந்து அந்த வழியாக வந்தது. அன்று அதை ஓட்டிய லானி, சுல்மிராவின் கூட்டாளி, வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். பயணிகள் ஜன்னலில் தொங்கினார்கள். தாளம் ஏறியது. கோட்டு ஒன்று பிய்ந்து பஞ்சு பறந்தது. யாரும் கவனிக்கவில்லை. இவான்ட்ரா குலவையிட்டாள், நடுவில் ஆடியவள் அதைவிட உரக்கப் பதில் குலவையிட்டாள். அந்தக் குரலில் ஏதோ ஒன்று இவான்ட்ராவின் காதில் உறுத்தியது. ஆனால் அதற்குள் யோக்காஸ்தா கூப்பிட்டுவிட்டாள்:

"கடைசியில நிக்கிறவ முகமூடியை எடுக்க, இவான்ட்ரா மொன்டெய்ரோ அக்கா வரணும்!"

இவான்ட்ரா சிரித்துக்கொண்டே போனாள். முகமூடியை உருவினாள்.

வியர்வையில் நனைந்த அம்மா. கண்மை வழிந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. மரபுப்படி வால் விறைத்து நின்று, வானத்தைப் பார்த்து முழங்கியது:

"வணக்கம், அக்கா!"

கூட்டம் கூரையில்லாத இடத்தில் கூரையைப் பிய்த்தது. லானி ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. இவான்ட்ரா மட்டும் முகமூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு திரும்பி விடுவிடுவென்று மேப்பிள் மரத்துக்குப் பின்னால் போனாள்.

சுல்மிரா பின்னாலேயே ஓடினாள்.

"கோவமா?"

"இது ஒண்ணு என்னோடதா இருந்துச்சும்மா." இவான்ட்ரா முகமூடியைக் கசக்கினாள். "வீட்டுல நீ, பஸ்ஸுல நீ, கிளாஸுக்குப் போற வழியில நீ. இது ஒண்ணுதான் நானா தேடிக்கிட்டது."

சுல்மிரா இடுப்புத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்மை இன்னும் பரவியது.

"நான் உன் பின்னாடி வரலடி. நீ ஊர்ல இல்லாதப்பத்தானே வந்தேன். எனக்கு ஆடணும்போல இருந்துச்சு. உன் வயசுல எனக்கு நீ இருந்தே. நான் ஆடல, அதுக்காக அழவும் இல்ல. இப்ப மூணு மாசமா என் பேரைச் சொல்லி யாரோ கத்தறாங்க, நான் வரலைன்னா தேடறாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. நீ போன்னு சொன்னாலும் நான் போகமாட்டேன். அதையும் சொல்லிட்டேன்."

மகள் தாயைப் பார்த்தாள். கறுப்பு உடை, கிழிந்த கையுறை, தலையில் ஒட்டிய கோட்டுப் பஞ்சு. உதடு துடித்தது, அழுகைக்கா சிரிப்புக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்போ அந்த வியாழக்கிழமைக்காரன்?"

"ஆளு ஒருத்தன் இல்லடி. ஏழெட்டுப் பொண்ணுங்க."

அவ்வளவுதான். இவான்ட்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தாள். சுல்மிராவும் சாய்ந்தாள். மூச்சு திரும்பியதும் மகள் நிமிர்ந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வாலே, எங்கிட்ட சொல்லாம வந்ததுக்குத் தண்டனை. புல்வெளியை மூணு சுத்து, என் பின்னாடி, அடி தப்பாம."

"சரி, அக்கா."

இருவரும் ஆடிக்கொண்டே வெளியே வந்தார்கள். யோக்காஸ்தா வந்து ஒட்டிக்கொண்டாள், சோஃபியாப் ஒட்டிக்கொண்டாள், டார்சி ஒட்டிக்கொண்டாள். புல்வெளியைச் சுற்றி அந்த வரிசை நீண்டுகொண்டே போனது. பேருந்திலிருந்து இறங்கிய ஒரு தாவரவியல் பேராசிரியர்கூடக் கொஞ்ச தூரம் கூட வந்தார். அவருக்கு யாரும் தடை சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் பிராவிடன்ஸ் நகரில் சங்கத்தின் மாநாடு நடந்தது. சங்கத்தைத் தொடங்கிய அந்த ஹைட்டிப் பெண், இப்போது ஐம்பது தாண்டிய பள்ளித் தலைமையாசிரியை, பெயர் மிர்லாந்த். சுல்மிராவைக் கண்டதும் இழுத்து அணைத்துக்கொண்டு, "வந்துட்டியா பாப்பா!" என்றாள். புதிதாக வந்தவளைப் பாப்பா என்பதுதான் அங்கே வழக்கம். தன்னைப் பாப்பா என்று யாரும் அழைத்து முப்பத்தைந்து வருடமாவது இருக்கும். சுல்மிரா வெட்கத்தில் நெளிந்தாள்.

பாப்பாக்கள்தான் காலையில் எல்லோருக்கும் காபி ஊற்ற வேண்டும். இவான்ட்ரா மேசை முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, சர்க்கரை பத்தல."

சுல்மிரா பணிவாகக் குனிந்து சர்க்கரை போட்டாள். காதோரம் மெல்லச் சொன்னாள்:

"வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கறேன்."

"வீட்டுலதான் நீ அம்மா. இங்க நான் உனக்கு ரெண்டு வருஷம் சீனியர்." இவான்ட்ரா கோப்பையை நீட்டினாள். "இன்னும் ஒரு கரண்டி."

சுல்மிரா மூன்று கரண்டி போட்டுக் கலக்கிவிட்டு, அடுத்த மேசைக்குத் தாளம் போட்டபடி நகர்ந்தாள்.