மூன்றாவது பிளக்

எங்கள் வீட்டு வேனை ஓட்டியது அம்மா. அப்பா மிருதங்க வித்வான் என்பதால் ஸ்டியரிங், சுத்தியல், அரிவாள்மணை எதையும் தொடமாட்டார். அந்தப் பத்து விரல்களை நம்பித்தான் மயிலாப்பூரில் எங்கள் குடித்தனம் நடந்தது. ஒரு பலாப்பழம் நறுக்கக்கூட அவரை யாரும் அழைத்ததில்லை. கச்சேரிக்குக் கச்சேரி ஆட்டோக்காரர்களிடம் மன்றாடிச் சலித்துப்போன அம்மா, பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு கோடை விடுமுறையில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கிவிட்டாள்.

அந்த வேனுக்கு எஞ்சின் முன்னால் இல்லை. முன் சீட்டுகளுக்கு அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். பின்னால் இரண்டு மிருதங்கங்களும் ஒரு தம்புராவும் நடுவில் பாடகரும் வர, அப்பா எப்போதும் எஞ்சினின் மேல்தான் உட்கார்ந்து வருவார். சித்திரை மாதத்தில் அடியில் ஒரு டர்க்கி டவலை மடித்துப் போட்டுக்கொள்வார்.

எனக்குப் பத்து வயதான வருஷம், மார்கழி பிறந்த கையோடு வேன் திக்கத் தொடங்கியது. அடையாறு பாலத்தில் ஏறும்போது அது இருமி, குலுங்கி, பின்னால் வந்த பேருந்துக்காரர் அம்மாவின் ஓட்டும் திறமையைப் பற்றி ஏதோ சொல்லும்படி ஆயிற்று. அப்பா சீட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு அடி விழணும். தகிட, தகிடன்னு வரணும். இது ரெண்டுதான் போடறது" என்றார்.

அந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பார்க் பிளக், அதில் ஒன்று வேலை செய்யவில்லை என்பது பிறகு உறுதியானபோது எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஸ்பேனரைத் தொடாமலே நோயைக் கண்டுபிடித்த அப்பா வேறு யாருக்கு உண்டு?

சனிக்கிழமை தி.நகரில் ஒரு பெரிய கச்சேரி இருந்தது. அதற்குள் வண்டியைச் சரிசெய்ய வேண்டும். அம்மாவின் தம்பி, மேற்கு மாம்பலத்தில் இருந்த என் மாமா, உடனே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மாமா வங்கியில் வேலை பார்த்தாலும் மனத்தளவில் மெக்கானிக். தன் ஸ்கூட்டரை ஞாயிறுதோறும் பிரித்துப் போடுவார்; திங்கட்கிழமை வங்கிக்கு மின்சார ரயிலில் போவார்.

புதன்கிழமை மாலை அவர் மூன்று பிளக்குகளோடு வந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் பொன்னிறத்தில் மூன்று முனைகள். பந்தய வண்டிகளுக்குப் போடுவது, இனி வேன் பறக்கும் என்றார். பழைய பிளக்குகளை அவர் கழற்றித் தர, அம்மா அவற்றைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். இரண்டின் நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. மூன்றாவது நனைந்து, கரி பிடித்துக் கறுத்திருந்தது. பிறகு பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். புதியதில் மரை அரை விரல்கடை நீளமாக இருந்தது.

நீளமாக இருந்தால் நெருப்பு ஆழமாகப் போகும், நல்லதுதானே என்று மாமா வாதாடினார். வேதியியல் ஆசிரியையிடம் அந்த வாதம் எடுபடவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடைகளாகவே இருக்கும் தெருவுக்கு ஆட்டோவில் போனாள். கடைக்காரர் மாமா வாங்கிய பிளக்கைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இத்த போட்டா உள்ள பிஸ்டன் வந்து இடிக்கும்மா. எஞ்சினே காலி. நல்ல வேளை, பழசையும் கொண்ணாந்துகீறே. அத்த வெச்சிதான் புதுசு எடுக்கணும்."

அவர் எடுத்துக் கொடுத்தவை ஒற்றை முனையோடு, பார்க்கப் பரம சாதுவாக இருந்தன. மாமாவுக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்று மாலையே வந்து, நானே மாட்டுகிறேன் என்று பிடிவாதமாகச் சீட்டைத் தூக்கிவிட்டார். போர்ட்டிகோவில் வேலை நடந்தது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நின்றுகொண்டிருந்தார். மாமா முதலில் கையாலேயே பிளக்கைச் சுற்றி, மரை நேராகப் பிடித்தபின் ஸ்பேனரைப் போட்டார். அதைச் சரியாகத்தான் செய்தார் என்று அம்மாவே பின்னாளில் சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.

அம்மா சாவியைத் திருகினாள். எஞ்சின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. அப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றும் விழுகிறது என்றார். மாமா முகத்தில் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் வந்தது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. எஞ்சினின் உறுமலுக்கு மேலே, ஊசி நுனியால் பீங்கானைச் சுண்டுவதுபோல் ஒரு சத்தம். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக் டிக்.

"ஏதோ டிக் டிக்னு சத்தம் வரதே" என்றேன்.

மாமா அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது. ஆமாம், வருகிறது என்றார். அம்மாவும் குனிந்து கேட்டுவிட்டு ஆமாம் என்றாள்.

"எங்கே?" என்றார் அப்பா.

"இதோப்பா, இங்கே."

அப்பா குனிந்தார். இன்னும் குனிந்தார். தலை எஞ்சினில் இடித்துவிடப் போகிறது என்று மாமா அவர் தோளைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் குனிந்தார்.

"நன்னாத்தானே ஓடறது" என்றார்.

நான் சிரித்தேன். "டிக் டிக்னு இவ்வளவு கிட்டக்க அடிக்கறது, உனக்குக் கேக்கலையா?"

அம்மா சட்டென்று எழுந்து போய்ப் போர்ட்டிகோ விளக்கை அணைத்தாள். அந்தி மங்கிய நேரம். இருட்டில் மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலிருந்து இரும்புக்கு நீல நிறத்தில் ஒரு பொறி தாவுவது தெரிந்தது. பீங்கானில் முடி அளவுக்கு ஒரு விரிசல். உள்ளே எரிய வேண்டிய பொறி அது வழியாக அவ்வப்போது வெளியே ஒழுகுகிறது. மாமா, அந்த ஒன்று மட்டும் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் லேசாக விழுந்ததை ஒப்புக்கொண்டார். லேசாகத்தான் என்று இரண்டு முறை சொன்னார். அம்மா மறுநாளே போய் வேறொன்று வாங்கிவந்து, இந்த முறை தானே மாட்டினாள். சத்தம் நின்றது.

எனக்கோ நிலைகொள்ளவில்லை. லயத்தில் புலி என்று பெயரெடுத்த அப்பாவுக்கே கேட்காத ஒன்று எனக்குக் கேட்டிருக்கிறது. பள்ளியில் சொன்னேன். மாடி வீட்டு மாமியிடம் சொன்னேன். சனிக்கிழமை வேனில் கோபாலபுரம் போய்ப் பாடகரை ஏற்றிக்கொண்டபோது அவரிடமும் சொன்னேன். அவர் எங்களுக்கு உறவில்லை. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அவருக்கு வாசித்ததால், பெரியப்பா என்று கூப்பிட்டே பழகியிருந்தேன்.

வண்டி இன்று குலுங்காமல் போகிறதே என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பந்தய பிளக்கில் ஆரம்பித்து, மாமாவின் கை நழுவியதுவரை நடித்தே காட்டினேன். பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் மேலே போனேன்.

"எனக்குக் கேட்டது, மாமாவுக்குக் கேட்டது, அம்மாவுக்குக் கேட்டது. அப்பாவுக்குத்தான் கேக்கவே இல்லை, பெரியப்பா. காதைக் கிட்ட வச்சுண்டும் கேக்கலை."

"கேக்கவே இல்லையா?"

"இல்லவே இல்லை."

பெரியப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா கியரை மாற்றிய வேகத்தில் வண்டி ஒரு முறை துள்ளியது. அப்பா முன்னாலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணியவராக அவரும் சிரித்தார். பிறகு இறங்கும் இடத்தில் அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள், வலித்தது. அதிகப்பிரசங்கித்தனத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைய கச்சேரியை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியப்பா வழக்கத்துக்கு மாறாக, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அப்பா பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னார். அப்பா ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வயலின்காரரின் வில் எழும்வரை காத்திருந்தார். இருவருக்கும் இன்றைக்கு ரகசியம் நிறைய இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். தனி ஆவர்த்தனத்துக்கு நல்ல கைதட்டல். பெரியப்பா மட்டும் கைதட்டாமல், அப்பாவையே பார்த்துக்கொண்டு தாளம் போட்ட கையைத் தொடைமேல் வைத்திருந்தார்.

அடுத்த மார்கழிக்குக் கோபாலபுரத்திலிருந்து அழைப்பு வரவில்லை. புதிதாக ஒரு பையன் வாசிக்கிறானாம் என்றாள் அம்மா. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அப்பா வீட்டில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். பெரியப்பா பொங்கலுக்குப் பொங்கல் பழத்தட்டோடு வந்து, என் தலையைத் தடவிவிட்டுப் போவார். நான் அவரோடு பேசமாட்டேன். அப்பாவுக்குத் துரோகம் செய்த ஆள் என்று அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

கல்லூரி முடித்த வருஷத்தில்தான், அடையாறில் ஒரு காது டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போனோம். காதில் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும், தாழ்ந்தவை நெடுநாள் தங்கும், அதனால் தெரியாமலே காலம் தள்ளலாம் என்றார் டாக்டர். குறைந்தது பத்து, பன்னிரண்டு வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன்; வேன் திக்கிய அந்த மார்கழி வந்தது. அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. குக்கர் விசில் கேட்காமல் அப்பா அதன் பக்கத்திலேயே நின்ற நாளிலிருந்து அவளுக்குத் தெரியுமாம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கொழந்தை. உன்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள். அப்பா என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கச்சேரிக்கு மறுநாள் காலையைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. போர்ட்டிகோவில் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஷட்டில் மட்டையோடு ஓடிய என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு ஒரு சத்தம் கேட்டுதுன்னியே, அது எப்படி இருந்துது? சொல்லிக் காட்டு."

"டிக்" என்றேன்.

"ஒரே சீரா வந்துதா, விட்டு விட்டு வந்துதா?"

நான் முழுவதையும் சொல்லிக் காட்டினேன். டிக். டிக் டிக். கொஞ்சம் விட்டு, டிக். அவர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு டாஷ்போர்டின் மேல் ஒற்றை விரலால் அதை அப்படியே தட்டினார். நடை சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். அப்பா என்னைக் கேட்கிறார்! இடைவெளி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று திருத்தினேன். திருத்திக்கொண்டார். அடுத்த கச்சேரித் தனியில் இதை வாசிக்கப்போகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு தரமும் இன்னும் உரக்கச் சொன்னேன். அம்மா வாசல்வரை வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. பல் விழுந்த இடத்தைப் பார்க்கிறார் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னும் ஒரே ஒரு தரம்" என்றார்.

தெருவில் விளையாட ஆள் சேர்ந்துவிட்டது. போதும்ப்பா, எத்தனை தரம் சொல்வது என்று சலித்துக்கொண்டு, மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.