மூச்சடக்கிப் பார்த்த திமிங்கிலம்

காரைக்கால் கடற்கரையில் ஐம்பது வருஷமாக முழங்காலுக்கு மேல் நனையாத வீரன் நான். மகள் வாங்கி வந்த வி.ஆர். கண்ணாடியைத் தலையில் மாட்டியதும் நடுக்கடலுக்கு அடியில் இருந்தேன். பவளப்பாறை, ஆமைகள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திமிங்கிலம். பரவசத்தில் சிலையானேன். சற்று நேரத்தில் நெஞ்சு அடைத்தது, காது இரைந்தது. மாரடைப்புதான் என்று முடிவுகட்டி நாற்காலியில் சரிந்தேன்.

"மூச்ச விடுங்க, மூஞ்சி கறுத்துப்போச்சு" என்று மனைவி முதுகில் அறைந்தாள். தண்ணீருக்குள் இருப்பதாக நம்பி, அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பா, இது நம்ம ஹாலு" என்றாள் மகள்.

இப்போதும் தினமும் திமிங்கிலத்தைப் பார்க்கப் போகிறேன். மனைவி பக்கத்தில் அமர்ந்து, "மூச்சு விடுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேற்று அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"மூச்சு விடுறியா?" என்றேன்.

"சும்மா இருங்க, திமிங்கிலம் ஓடிப்போயிடும்" என்றாள்.