மூடுபனிக்காரியின் முதல் சாட்சி

கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் ஒரு பெயரை எழுதிப் பார்ப்பாள்; பிறகுதான் கணினியில் அடிப்பாள். மேற்கோள் பட்டியலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் இந்த மரியாதை உண்டு. மூடுபனியை ஆராய்கிறவள் அவள். சிரிக்க வேண்டாம், கையில் பிடிபடாத சரக்கை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குப்பை கொட்ட நெஞ்சுரம் வேண்டும். ஆயிரம் பேரை எடைபோட்ட கண் சொல்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் பார்த்தேயிராத ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் அவளுக்கு உறவு. நீட்டி முழக்கி எழுதுகிறவர் பெரியப்பா. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற அம்மாள் நாத்தனார். "நாத்தனார் லேசுல ஒத்துக்க மாட்டாங்க, பக்கத்தப் பாத்துட்டுதான் சேக்கணும்" என்று முணுமுணுப்பாள். கட்டுரையைக் கண்ணால் காணாமல் யாரையும் பட்டியலில் ஏற்றுவதில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியிருக்கும். பார்வை ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். கூப்பிட்டால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு "ம்".

லாரி ஓட்டித் தனியாளாக முன்னுக்கு வந்தவர் அவள் அப்பா. தோளுக்குப் பின்னால் நின்று பட்டியலைப் பார்ப்பார்.

"ஆராய்ச்சிக்கு நிதி கேக்க இத்தனை பேர் சாட்சியா? நான் முதல் வண்டி எடுத்தப்போ என் மீசைதாம்மா சாட்சி."

"மீசைக்குப் பக்க எண் உண்டாப்பா?" என்பாள், திரும்பாமலே.

பட்டியலின் முதல் இடம் 'மூத்தவ'ருக்கு. வீடுகள் நெருங்கிய தெருவில் மூடுபனி அதிக நேரம் தங்கும் என்று முதன்முதலில் அளந்து சொன்னவராம். துறையில் எல்லாரும் அவரைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அவளுடைய விண்ணப்பமும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. நிதி கிடைத்தால் தெருத்தெருவாகக் கருவி வைக்கலாம்; கிடைக்காவிட்டால் ஆய்வறைக்குப் பூட்டு. மாணவியாக இருந்த நாளிலிருந்தே மூத்தவரை மனத்தில் வளர்த்து வருகிறாள்: கம்பளி போர்த்திய ஒல்லி மனிதர், ஜன்னலோரம் நாற்காலி, மடியில் கடிகாரம், எதிர்த்தெரு மெல்லக் கரைவதைப் பார்த்தபடி. அவருடைய இருமல்கூட அவளுக்குத் தெரியும். கட்டுரையைத்தான் பார்த்ததில்லை; தன் வழக்கத்தை மீறி அவருக்கு மட்டும் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தாள். அதற்காகவே நூலகத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள்.

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாளில் பதில் வந்தது. அந்த ஆண்டின் ஆய்விதழில் அப்படியொரு கட்டுரை இல்லை. முந்தின ஆண்டிலும் இல்லை, பிந்தின ஆண்டிலும் இல்லை. அப்படி ஒருவர் எழுதியதாகவே தடயம் இல்லை. யாரோ எப்போதோ தவறாகப் போட்டதை ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தெழுதியிருக்கிறார்கள்.

அவளோடு சேர்ந்து விண்ணப்பிக்கிற சக ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், கல்யாணத்துக்கு ஊரையே அழைச்சாச்சு. இப்பப் போய் மாப்பிள்ளையே பொறக்கலங்கறீங்க."

"இல்லாதவர எப்படி சார் கூட்டிட்டு வர?"

"எல்லாரும் போட்டிருக்காங்க. தேர்வுக் குழுத் தலைவரே தன் புத்தகத்துல போட்டிருக்காரு. அவர் மூஞ்சியிலயா கரி பூசறது? பேசாம விட்டுடுங்க, நிதி வரட்டும்."

அவள் ஜன்னலோரம் பார்வையைத் திருப்பினாள். "இத்தனை நாள் எனக்காக உக்காந்திருந்தாரே சார், பாவம்" என்றாள்.

பிறகு கண்ணை மூடி, காற்றில் அந்தப் பெயரைக் கடைசியாக ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, அழித்தாள். பட்டியலில் எல்லாரும் ஓர் இடம் மேலே நகர்ந்தார்கள்; பெரியப்பா முதல் ஆளானார். சாட்சி இல்லாமல் நின்ற வரிக்குக் கீழே இப்படி அடித்தாள்: 'எல்லாரும் இதை நம்புகிறோம். யாரும் அளந்ததற்குச் சான்று இல்லை. அளக்கத்தான் கேட்கிறோம்.'

சக ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். "போறது போகட்டும்" என்று பெருமூச்சு விட்டு, அவரே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள்.