தலைகீழாகப் படித்த தட்டு

போன வாரம் என் கைப்பேசிக்கு ஆறு இலக்கம் கொண்ட ஓர் எண் வந்தது. "சீக்கிரம் சொல்லுங்கப்பா, காலாவதியாயிரும்" என்று மகள் அவசரப்படுத்தினாள். நானோ எண்ணுக்கு அடியில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கோட்டின் கதை அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைவீதியில் ஒரு ரேடியோக் கடை. இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இசைத்தட்டுகள் விற்போம், விசேஷங்களுக்குக் கிராமபோனோடு வாடகைக்கும் கொடுப்போம். எங்கள் ஊர்க் குளிரும் ஈரமும் தெரியுமல்லவா? சுவரில் ஒட்டிய காலண்டரே மார்ச் மாதத்துக்குள் உரிந்துவிடும், தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம் எம்மாத்திரம்! அது உரிந்துபோனால் பாடியவர் யார், ராகம் என்ன, ஒன்றும் தெரியாது. மிச்சமிருப்பது, காகிதத்தின் விளிம்பை ஒட்டி, தட்டு வார்த்த அரக்கிலேயே கீறியிருக்கும் எண் மட்டும்தான். அந்த எண்ணைக் கடைப் புத்தகத்தில் தேடினால் தட்டின் குலம் கோத்திரம் எல்லாம் வந்துவிடும். ஊசி தேயும் என்று முதலாளி தட்டைப் போட்டுப் பார்க்க விடமாட்டார். எண்ணை வைத்தே ராகம் சொல்லுவேன். கச்சேரி ஒன்றுகூடக் கேட்டிராத எனக்கு அதில் என்ன கர்வம் என்கிறீர்கள்!

ஆனால் வட்டத்துக்கு ஏது தலை, ஏது கால்? ஆறும் ஒன்பதும் உள்ள எண்ணை எந்தப் பக்கமிருந்தும் படிக்கலாம். அதற்காகத்தான் கீறியவர்கள் அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்திருப்பார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் கடை திறக்கும்போதே ஒருவர் நனைந்துபோய் நின்றார். அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டமொன்றில் அன்றைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன். மேளக்காரர்களை அழைத்துப்போக முதல்நாளே வந்தவர். மண்சரிவில் ரயில் நின்றுவிட, அவர்கள் வந்து சேரவில்லை. "மேளம் இல்லாம எப்படிங்க தம்பி தாலி கட்டுறது? தகப்பன் இல்லாத புள்ளைங்க. ப்ளேட்டாவது போட்டுக் குடுங்க" என்றார். பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். நான் காகிதம் உரிந்த ஒரு தட்டை உருவினேன். 1689. புத்தகத்தில் பார்த்தேன்: நாதஸ்வரம், கல்யாண மங்களம். கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் பந்தல். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நான் ஊசியை வைத்தேன். நாதஸ்வரம் அழுதது. மங்களமில்லை, முகாரி. ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் என்ன, ஒப்பாரி எது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "இது கல்யாண வூடா, எழவு வூடா? எந்திரிடா, போவோம்!" மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. பெண் தலையே நிமிரவில்லை. பெட்டியை நிறுத்தும் விசையைத் தேடித் தடவினேன், அகப்படவில்லை.

பெண்ணின் அம்மா முத்தம்மாதான் குரல் கொடுத்தார். "என்னாடி வேடிக்க பாக்குறீங்க? குலவை போடுங்கடி! சடையண்ணே, தப்ப எடுங்க!"

நாற்பது பெண்கள் ஒன்றாகக் குலவையிட்டார்கள். தினமும் விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்புப் பறை அடிக்கும் சடையன் அன்றைக்குக் கெட்டிமேளம் அடித்தார். முகாரி எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டுவிட்டார். போட்ட பிறகு அப்பா எங்கே போவது? பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். அழுக்கு அடைத்த கோடு எண்ணுக்கு மேலே இருந்தது. திருப்பினேன். 6891. புத்தகத்தில் அது முகாரி. பெண்ணிடமும் அம்மாவிடமும் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "தலைகீழாப் பாத்துட்டீங்களாண்ணே!" என்று கல்யாணப் பெண் லெட்சுமி சிரித்துவிட்டாள். முத்தம்மா, "ஒங்க மொதலாளிக்கு இது தெரிய வேணாம். சாப்புட்டுப் போங்க தம்பி" என்றார். கடைசிவரை அவர் சொல்லவில்லை. என் வேலை நிலைத்தது அவரால்தான்.

ஏழெட்டு வருஷம் கழித்து லெட்சுமி புருஷனோடு கடைக்கு வந்தாள். இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை, இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறார்கள். அம்மா முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். "அண்ணே, அந்த ஆறு எட்டு ஒம்பது ஒண்ணு இருக்குங்களா? எங்க கல்யாணப் பாட்டு. அன்னிக்குக் குலவச் சத்தம் ஒரு வரிகூடக் கேக்க விடல. கேட்டுட்டுப் போறோம்."

முதலாளியைக் கேட்காமல் புது ஊசி மாட்டினேன். மூன்று நிமிஷம். இருவரும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த முறை யாரும் குலவை போடவில்லை. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

தட்டைப் பொதிந்து நீட்டினேன். "கப்பல்ல ஒடஞ்சிரும். நீங்களே வச்சிக்குங்கண்ணே" என்றாள். பிறகு ஒரு கடிதமும் இல்லை. கடை இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். அந்த லயத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது, போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. எடுக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். அன்றைக்கு அதைச் சரியாகப் பார்த்திருந்தால், அந்த நாற்பது பேரின் குலவை எனக்குக் கேட்கக் கிடைத்திருக்காது.